மதுரையிலிருந்து வயதான அம்மாவை மலைக்காட்டு விடுதிக்குக் கூட்டிப் போகலாமா?

கேள்வி கேட்டவர் மதுரைக்காரர். எழுபதை நெருங்கும் அம்மாவோடு, கூட்டம் இல்லாத மலைக்காட்டு விடுதி ஒன்றில் இரண்டு நாள் தங்க ஆசை. படங்களையும் விமர்சனங்களையும் பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கிறது, எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது என்று கேட்டிருக்கிறார்.

நானும் மதுரைதான், வில்லாபுரம். இப்படிப்பட்ட இடங்களில் இரண்டு முறை தங்கியிருக்கிறேன். ஒரு முறை நண்பர்களோடு, இன்னொரு முறை அம்மாவோடும் தங்கையோடும். முதல் முறை போனதை நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது. இரண்டாவதைப் பற்றி வாரம் ஒரு தடவையாவது வீட்டில் பேச்சு வந்துவிடும்.

கூட்டிப் போகலாம், தாராளமாக. ஆனால் முன்பணம் கட்டுவதற்கு முன்னால் விடுதிக்குப் போன் போட்டு ஒரு கேள்வி கேளுங்கள்: "ராத்திரி ஜீப்பில் காட்டுக்குள் போய் மிருகம் பார்க்க முடியுமா?" "பண்ணிரலாம் சார், தனியாக ஒரு தொகை ஆகும்" என்று பதில் வந்தால் அந்த இடம் வேண்டாம். "அதெல்லாம் இங்கே கிடையாது" என்று முகத்தில் அடித்த மாதிரி சொன்னால் அங்கே போங்கள். மெத்தை, சுடுதண்ணீர், ஜன்னலுக்கு வெளியே என்ன தெரியும் என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான். ஏன் என்று சொல்கிறேன்.

2017-ல் நாங்கள் ஏழு பேர் கொடைக்கானலைத் தாண்டி ஒரு கேம்ப்புக்குப் போனோம். பெயர் வேண்டாம். கூடாரம், தீ மூட்டி உட்கார இடம், ஸ்பீக்கர் எல்லாம் இருந்தது. எதைக் கேட்டாலும் சரி என்றார்கள். பத்து மணிக்கு மேல் பாட்டு வைக்கலாமா, சரி. காட்டுமாடு பார்க்கப் போகலாமா, சரி. பதினொன்றரைக்கு ஜீப்பில் கிளம்பினோம். ஒரு வளைவில் வெளிச்சம் பட்டதும் தனியாக ஒரு மாடு நின்றது. ஓட்டுநர் வண்டியை நிறுத்தினார். எங்களில் ஒருவன் போனை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினான். யாரும் தடுக்கவில்லை, நானும் தடுக்கவில்லை.

அந்த மாடு மெதுவாகப் பக்கவாட்டில் திரும்பி, முதுகை உயர்த்தி, தலையைத் தாழ்த்தி நின்றது. நாங்கள் அது போஸ் கொடுக்கிறது என்று நினைத்தோம். அதன் பாஷையில் அது எச்சரிக்கை. தன் உடம்பு எவ்வளவு பெரியது என்று காட்டி, 'விலகிப் போ' என்கிறது. வளர்ந்த ஆண் மாடு ஆயிரம் கிலோ வரை எடை இருக்கும். ஒரு பெருமூச்சு விட்டது, அடுத்த நொடி பாய்ந்தது. நண்பன் பள்ளத்தில் உருண்டு விழுந்ததால் தப்பித்தான். மணிக்கட்டு எலும்பு முறிந்தது. மருத்துவமனைக்கு ஒன்றரை மணி நேரம் இருட்டில் வண்டி ஓட்ட வேண்டியிருந்தது. கேம்ப்பில் முதலுதவிப் பெட்டி என்று ஒன்று இருந்தது, திறந்தால் உள்ளே பஞ்சு மட்டும்தான்.

அடுத்த வருஷம், 2018 மார்ச் 11, குரங்கணி. தேனி மாவட்டத்துக்காரர்கள் யாருக்கும் அந்த ஞாயிற்றுக்கிழமை மறக்காது. கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுவினரைக் காட்டுத்தீ சூழ்ந்தது. இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், பெரும்பாலும் இளைஞர்கள். மார்ச் மாதம் அந்தச் சரிவுகளில் புல் ஆளுயரத்துக்குக் காய்ந்து நிற்கும். தீ மேட்டை நோக்கி ஏறும்போது அதன் சூடு மேலே இருக்கும் புல்லை முன்கூட்டியே காய வைத்துவிடும், அதனால் சமதளத்தைவிடப் பல மடங்கு வேகமாகப் பரவும். சரிவில் நிற்கும் மனிதனால் அதை முந்தி ஓட முடியாது. அந்தச் செய்தியை டிவியில் பார்த்தபோது எனக்கு எங்கள் ஜீப்தான் நினைவுக்கு வந்தது. எங்களுக்கும் அந்த ராத்திரி யாராவது ஒருவர் 'வேண்டாம்' என்று சொல்லியிருக்க வேண்டும்.

அதற்கு அப்புறம் பல வருஷம் மலைப்பக்கமே போகவில்லை. அம்மாதான் ஆரம்பித்தார். "வைகை எங்க பிறக்குதோ அந்த மலையைப் பார்க்கணும்டா." சித்திரையில் அழகர் இறங்கும் ஆற்றைப் பார்த்தே வளர்ந்தவர், அந்த ஆறு புறப்படும் பக்கம் ஒரு நாளும் போனதில்லை. அப்படித்தான் மேகமலைக்குப் போனோம். பழைய ஆட்கள் பச்சைக்கூமாச்சி என்பார்கள்.

மதுரையிலிருந்து உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி வழியாகச் சின்னமனூர். அங்கிருந்து மலைப்பாதை. சின்னமனூரில் பெட்ரோல் நிரப்பிக்கொள்ளுங்கள், பணமும் எடுத்துக்கொள்ளுங்கள். தென்பழனி செக்போஸ்ட்டில் வண்டியைப் பார்த்துப் பதிவு செய்த பிறகுதான் விடுவார்கள். மாலை ஆறு மணியிலிருந்து காலை ஆறு மணி வரை பாதையில் வண்டிகளுக்கு அனுமதி இல்லை. அதனால் மதுரையில் விடிகாலை கிளம்புவதுதான் சரி. மத்தியானத்துக்கு மேல் கிளம்பினால் ஓட்டுநர் அவசரப்படுவார், வயதானவர்களுக்கு அந்த அவசரம் ஆகாது. கொண்டை ஊசி வளைவுகள் 18. ஒவ்வொன்றுக்கும் சங்க இலக்கியத்தில் வரும் பூவின் பெயரை வைத்துப் பலகை நட்டிருக்கிறார்கள். அம்மா அத்தனையையும் சத்தமாகப் படித்துக்கொண்டே வந்தார். தலைசுற்றல் வராமல் இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

மேலே சுமார் 1500 மீட்டர். மதுரை வெயிலிலிருந்து போனால் எட்டு ஒன்பது டிகிரியாவது குறைவாக இருக்கும். நாங்கள் தங்கியது தேயிலைத் தோட்டத்துக்குள் இருக்கும் ஒரு பழைய எஸ்டேட் பங்களா. நான்கே அறைகள், ஒரு சமையல்காரர், ஒரு வாட்ச்மேன். டிவி கிடையாது. எங்கள் மூன்று போனில் தங்கையின் பிஎஸ்என்எல் மட்டும் வராந்தாவின் ஒரு மூலையில் நின்றால் எடுத்தது.

வாட்ச்மேன் அண்ணனுக்கு அறுபது வயதிருக்கும். எஸ்டேட்டிலேயே பிறந்து வளர்ந்தவர். வண்டியை விட்டு இறங்கியதும் அவர் சொன்ன முதல் வார்த்தையே "அஞ்சரைக்கு மேல வராந்தாவ விட்டு இறங்கக் கூடாது தம்பி" என்பதுதான். தங்கைக்கு முகம் வாடிவிட்டது. சாயங்காலம் ஏரிக்கரை வரை நடக்கலாம் என்று ஆசையாக வந்திருந்தாள். முந்நூறு அடி தூரம்கூட இருக்காது, பங்களாவிலிருந்து பார்த்தாலே தண்ணீர் தெரிகிறது. நான் கெஞ்சிப் பார்த்தேன். "நாளைக்குக் காலைல நானே கூட்டிட்டுப் போறேன். இப்ப வேணாம்." அவ்வளவுதான். குரல் உயரவில்லை, காரணமும் சொல்லவில்லை. போய் கேட்டைப் பூட்டிவிட்டு வந்து உட்கார்ந்துகொண்டார்.

ராத்திரி எட்டு மணிக்குத் தேயிலைச் செடிகளுக்குள்ளிருந்து மரக்கிளை முறிகிற சத்தம் கேட்டது. ஒன்று, கொஞ்சம் இடைவெளி விட்டு இன்னொன்று. அண்ணன் கையை உயர்த்தி எங்களைப் பேசாமல் இருக்கச் சொன்னார். நாங்கள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு அரை மணி நேரம் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தோம். ஒன்றுமே கண்ணுக்குத் தெரியவில்லை. அம்மா என் கையைப் பிடித்திருந்த பிடி மட்டும் இன்னும் நினைவிருக்கிறது.

காலை ஏழு மணிக்கு அவரே கூட்டிப் போனார். முந்தின நாள் நாங்கள் நடக்கக் கேட்ட அதே பாதையில், பங்களாவிலிருந்து நூறடியில், யானைச் சாணம் ஐந்தாறு உருண்டை. மேலே இன்னும் லேசாக ஆவி. அண்ணன் ஒரு குச்சியால் பிரித்துக் காட்டினார்: நார் நாராக மூங்கில், செரிக்காத பலா விதை, ஒரு துண்டு மரப்பட்டை. பக்கத்து ஈர மண்ணில் பெரிய தடமும் அதற்குப் பக்கத்தில் சாப்பாட்டுத் தட்டு அளவில் சின்னத் தடமும் இருந்தன. "குட்டி வெச்சிருக்கு" என்றார். யானைகள் சோலைக்காட்டுக்கும் ஏரித் தண்ணீருக்கும் போய்வருகிற வழி அது. இடையில் நாம் தேயிலை போட்டிருக்கிறோம். குட்டியோடு வரும் தாய் எதிரே வருகிற யாரையும் சும்மா விடாது. தங்கை எதுவும் பேசவில்லை. திரும்பும்போது அண்ணனுக்குப் பக்கத்திலேயே நடந்தாள்.

அந்த ஏரி ஒரு அணையின் நீர்த்தேக்கம். அங்கே மணலாறு, வெண்ணியாறு, இரவங்கலாறு என்று இப்படிப் பல உண்டு. சுருளியாறு நீர்மின் நிலையத்துக்காகத் தண்ணீரைத் தேக்கி, மலையிலிருந்து கீழே விடுகிறார்கள். மின்சாரம் எடுத்த பிறகு அந்தத் தண்ணீர் சுருளியாறு, முல்லையாறு வழியாக வைகையில் சேர்கிறது. அதைச் சொன்னதும் அம்மா குனிந்து ஒரு கை அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டார். வைகையின் மூலம் கிழக்கே வருசநாட்டுப் பக்கம், அங்கே வண்டி போகாது என்று அண்ணன் விளக்கினார். "எல்லாம் ஒரே மலைதானப்பா" என்றார் அம்மா. வைகை உற்பத்தியாகும் காடும் இந்தக் காடும் சேர்ந்துதான் 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் ஆனது. ஒரு வகையில் அம்மா சொன்னது சரிதான்.

அட்டைப்பூச்சியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் விமர்சனங்களில் பாதிப் பேர் அதைத்தான் எழுதுகிறார்கள். அம்மாவின் கணுக்காலில் இரண்டு ஏறியிருந்தன. வலியே தெரியவில்லை, ரத்தம் புடவைக் கரையில் பட்ட பிறகுதான் பார்த்தோம். பிடித்து இழுக்கவோ தீக்குச்சி வைக்கவோ கூடாது. அண்ணன் நகத்தை அட்டையின் வாய்ப் பக்கமாகத் தோலோடு ஒட்டி வைத்து மெதுவாகத் தள்ளினார், விழுந்துவிட்டது. அப்புறமும் கொஞ்ச நேரம் ரத்தம் வடியும், ஏனென்றால் ரத்தம் உறையாமல் இருக்க அட்டை ஒரு திரவத்தைச் செலுத்திவிட்டுத்தான் குடிக்கும். சோப்புப் போட்டுக் கழுவி, அழுத்திக் கட்டினால் நின்றுவிடும். உங்கள் அம்மா ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால் கிளம்பும் முன்பே டாக்டரிடம் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் போகாமல் இருப்பது அதைவிட நல்லது.

சாப்பாடு தாமதம் என்றும் எழுதுவார்கள். எங்களுக்கும் முதல் நாள் மத்தியானச் சோறு மூன்று மணிக்குத்தான் வந்தது. அம்மா நேராகச் சமையல்கட்டுக்குள் போய்விட்டார். அவ்வளவு உயரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதனால் பானையில் அரிசி வேக நேரம் பிடிக்கும், பருப்பு இன்னும் படுத்தும். குக்கரின் ரப்பர் போய்விட்டதாம், புதிதாக வாங்கச் சின்னமனூர் போக வேண்டுமாம். காய்கறி, கறி எல்லாமே அங்கிருந்துதான் வருகிறது. என்ன வேண்டும் என்பதை முந்தின ராத்திரியே சொல்லிவிடுங்கள். சர்க்கரை நோய் இருந்தால் பிஸ்கட்டோ பழமோ கையில் இருக்கட்டும். இரண்டாம் நாள் அந்த மிளகு ரசத்தைப் பற்றி நான் ஒரு பக்கம் எழுதுவேன், ஆனால் கேள்வி அதைப் பற்றியது இல்லை.

ஒரு காலை நேரம் மட்டும் சொல்கிறேன். விடியும் முன்னால் வெளியே யாரோ சின்னப் பையன் சீட்டி அடித்தான். மெட்டுத் தெரியாமல், மனம் போன போக்கில், ஏறி இறங்கி. அம்மா எழுந்து உட்கார்ந்து, "இந்தக் குளிர்ல எந்தப் பிள்ளைடா அது" என்று கேட்டார். சீகாரப் பூங்குருவி. ஓடைப் பக்கம் பாறையில் உட்கார்ந்து பாடும், கருநீலமாக இருக்கும். அன்றைக்கு அரை மணி நேரம் பாடியது. ஹீட்டர் வேலை செய்யாத, டிவி இல்லாத அந்த அறையில் அம்மா கம்பளிக்குள்ளிருந்து முகத்தை மட்டும் நீட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். அப்பா போன பிறகு அவர் முகத்தை அப்படி நான் பார்த்ததில்லை.

மற்றபடி சில காரியங்கள். அறைக்குள் படி இல்லாத, குளியலறை ஒட்டியே இருக்கிற தரைத்தள அறையாகக் கேளுங்கள். மாத்திரை இரண்டு நாள் கூடுதலாக எடுங்கள், மண் சரிந்தால் பாதை மூடிவிடும். அவசரமென்றால் எந்த மருத்துவமனை, எந்த வண்டி, யார் ஓட்டுவார் என்று போனிலேயே கேளுங்கள். ஒழுங்கான இடம் என்றால் யோசிக்காமல் பதில் சொல்வார்கள். இளைஞர்கள் யாராவது கூட வந்து மலையேற ஆசைப்பட்டால், விடுதி ஆள் காட்டும் குறுக்குப் பாதையில் போக வேண்டாம். 2024 அக்டோபரில் வனத்துறை மாநிலம் முழுக்க 40 பாதைகளைத் திறந்து, இணையத்தில் பதிவு செய்து, பயிற்சி பெற்ற வழிகாட்டியோடு போக ஏற்பாடு செய்திருக்கிறது. அதில் போகட்டும்.

போன மாதம் அம்மா மறுபடி ஆரம்பித்தார். பேத்திக்குப் பரீட்சை முடிந்ததும் மார்ச் கடைசியில் போகலாம் என்று சொல்லி, வாட்ச்மேன் அண்ணனுக்குப் போன் போட்டேன். அறை காலியாகத்தான் இருந்தது.

"மார்ச் வேணாம் தம்பி. கீழ சரிவெல்லாம் காஞ்சு கெடக்கு. புரட்டாசில வாங்க. அம்மாவ நான் கேட்டதாச் சொல்லுங்க."

புரட்டாசிக்குப் பதிவு செய்திருக்கிறேன். குக்கருக்கு ஒரு ரப்பரும் வாங்கி வைத்திருக்கிறார் அம்மா.