வயலினோடு வரும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

பன்னிரண்டு ஆண்டுகள் கர்நாடக வயலின் பயின்றுவிட்டு, வருகிற ஆகஸ்டில் அமெரிக்காவில் ஒரு லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரியில் (பல துறைகளையும் சேர்த்துக் கற்பிக்கும் கல்லூரி) இசையை முதன்மைப் பாடமாக எடுக்கப்போவதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பயிற்சி அங்கே கைகொடுக்குமா, கச்சேரி வாசித்துக் கைச்செலவுக்குச் சம்பாதிக்கலாமா, விடுதி அறை எப்படி இருக்கும், குளிருக்கு என்ன உடை வாங்குவது என்றெல்லாம் கேட்டிருக்கிறீர்கள். விடுதியும் உடையும் வந்த ஒரு வாரத்தில் தாமாகப் பிடிபட்டுவிடும். முதல் இரண்டு கேள்விகளுக்கு விரிவாகப் பதில் சொல்கிறேன். இதே நம்பிக்கையோடு வந்திறங்கி, முதல் பருவம் (செமஸ்டர்) முழுவதும் தடுமாறியவன் நான்.

கல்லூரி ஆர்கெஸ்ட்ராவுக்கான தேர்வில் என் முன்னால் ஒரு தாளை வைத்து, அப்போதே பார்த்து வாசிக்கச் சொன்னார்கள். எந்தக் கீர்த்தனையையும் இரண்டு முறை கேட்டால் கையில் கொண்டுவந்துவிடுகிற எனக்கு, மேற்கத்திய இசையை எழுதும் ஸ்டாஃப் நொட்டேஷனின் ஐந்து கோடுகளில் எந்தப் புள்ளி எந்த ஸ்வரம் என்று எண்ணிக் கண்டுபிடிப்பதற்குள் எனக்குரிய நேரம் முடிந்துவிட்டது. அதைவிடப் பெரிய சிக்கல் சுருதியில் இருந்தது. நாம் நான்கு தந்திகளையும் ச-ப-ச-ப என்று கூட்டுகிறோம். அவர்கள் ஜி-டி-ஏ-இ என்று, ஒவ்வொரு தந்திக்கும் அடுத்தது பஞ்சமமாக, அதாவது ஐந்தாம் ஸ்வரமாக வரும்படி கூட்டுகிறார்கள். நம் முறையில் இரண்டாம் தந்திக்கும் மூன்றாம் தந்திக்கும் இடையே உள்ள தூரம் மத்தியமம்தான், அதாவது நான்காம் ஸ்வரம்தான் என்பதால், அந்த இடத்தைக் கடக்கும்போதெல்லாம் என் விரல் பழைய இடத்திலேயே போய் விழுந்தது. வயலினின் தலைப்பகுதியைக் கணுக்காலில் ஊன்றிக்கொண்டு வாசித்துப் பழகிய இடது கைக்குத் தந்தியின் நீளமெங்கும் சறுக்கி ஓடும் சுதந்திரம் உண்டு. தாடையாலும் தோளாலும் பிடித்துக்கொண்டு வாசிக்கும்போது அந்த ஓட்டமே பிழையாகக் கேட்கிறது. எனவே ஆகஸ்டுக்கு முன் எஞ்சியிருக்கும் மாதங்களில் புதிய உருப்படிகள் எதையும் பாடம் செய்ய வேண்டாம். நாள்தோறும் ஒரு மணி நேரம் நொட்டேஷன் படியுங்கள். மேற்கத்திய முறையில் பிடித்து வாசிக்கவும் ஓர் ஆசிரியரிடம் அடிப்படையைக் கற்றுக்கொள்ளுங்கள்.

இசைக் கோட்பாட்டு வகுப்பில் உங்களுக்கு ஒரு பக்கம் பெருமையும் மறுபக்கம் அதிர்ச்சியும் காத்திருக்கின்றன. ஒற்றை மெட்டைக் கேட்டு எழுதச் சொன்னால் மற்றவர்களுக்கு முன்பே முடித்துவிடுவீர்கள். நான்கு குரல்கள் சேர்ந்து ஒலிக்கும்போது அடிக்குரல் எங்கே நகர்கிறது என்று கேட்டால் காது திகைத்துவிடும், ஏனெனில் ஹார்மனியைத் தனித்தனியாகப் பிரித்துக் கேட்க நாம் பழகியதே இல்லை. பாட்டின் நடுவே ஆதார ஸ்வரம் மாறுவதைப் பல வாரங்கள் புரிந்துகொள்ள முடியாமல் இருந்து, ஒரு நாள் அதைக் கிரகபேதத்தின் (ராகத்தின் வேறொரு ஸ்வரத்தை ச-வாகக் கொண்டு இன்னொரு ராகத்தைக் காட்டுவது) உறவாக நினைத்துப் பார்த்தபோதுதான் எனக்குக் கதவு திறந்தது. நம் கிரகபேதத்தில் ராகம் மாறும், சுருதி நிலைத்திருக்கும். அங்கே ஆதாரமே இடம்பெயர்ந்து, பெரும்பாலும் திரும்பவும் வீடு வந்து சேரும்.

நம்மவர்களில் இரண்டு வகையினர் எனக்கு வருத்தம் தருகிறார்கள். ஒரு சாரார் நான்கு ஆண்டுகளும் நம் இசையை மட்டும் வாசித்து, நம்மவர்களின் கைதட்டலை மட்டும் கேட்டுவிட்டுத் திரும்புகிறார்கள். மற்றொரு சாரார் முதல் பருவத்தின் அவமானத்திலேயே ஸ்வரங்களை அசைத்து வாசிக்கும் நம் கமகத்தை மறந்துவிட முடிவு செய்கிறார்கள். கனெக்டிகட் மாநிலத்தின் வெஸ்லியன் பல்கலைக்கழகமும் லிபரல் ஆர்ட்ஸ் மரபில் வந்ததுதான். அங்கே டி. விஸ்வநாதன் குழலும் பாட்டும், அவர் சகோதரர் டி. ரங்கநாதன் மிருதங்கமும் பல ஆண்டுகள் கற்பித்தார்கள். அங்கே பயின்ற ஜான் ஹிக்கின்ஸ் என்ற அமெரிக்கர் 1965-இல் திருவையாற்றுத் தியாகராஜ ஆராதனையில் பாடினார். அவர் தம் இசையை விட்டுவிடாமலே நம் இசைக்குள் வந்தார் என்பதை அந்த இரு சாராரும் எண்ணிப் பார்க்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

சம்பாத்தியம் பற்றி மிகக் கண்டிப்பாகச் சொல்கிறேன். எஃப்-1 என்னும் மாணவர் விசாவில் இருப்பவர் வகுப்புகள் நடக்கும் பருவத்தில் கல்லூரி வளாகத்துக்குள் வாரத்துக்கு 20 மணி நேரம் வரை வேலை செய்யலாம். வெளியே முன் அனுமதியின்றிக் கூலி வாங்கி வாசிப்பது விசா விதியை மீறுவதாகும், அது உறையில் வைத்துக் கொடுக்கப்படும் ரொக்கமாக இருந்தாலும் அப்படித்தான். விழாவுக்கு வாசிக்க அழைக்கும் நம் குடும்பங்கள் இதைப் பொருட்படுத்துவதில்லை. "சும்மா ஒரு அரை மணி நேரம்தானே" என்பார்கள். பின்னால் சிக்கல் வந்தால் உடன் நிற்க ஒருவரும் இருக்க மாட்டார்கள். நான் இசை நூலகத்தில் ஸ்வரத்தாள்களை அடுக்கினேன். குறைந்த கூலிதான், ஆனால் என் நொட்டேஷன் பாதிக்கு மேல் அந்த அடுக்குகளுக்கிடையே நின்று படித்தது. பட்டத்துக்குப் பின் ஓபிடி என்னும் பணி அனுமதி 12 மாதங்கள் கிடைக்கும். அறிவியல், பொறியியல் மாணவர்களுக்குக் கிடைக்கும் 24 மாத நீட்டிப்பு இசைப் பட்டத்துக்கு இல்லை. இரண்டாவது முதன்மைப் பாடம் எடுப்பதா என்பதை இதையும் மனத்தில் வைத்து முடிவு செய்யுங்கள்.

உங்கள் உடையைவிட வயலினின் உடல்நலம்தான் எனக்குக் கவலை. வடக்கு மாநிலங்களில் குளிர்காலச் சூடேற்றியால் அறைக்காற்று உலர்ந்துபோகும். தந்தியை முறுக்கும் பிருடை நழுவும், பலகை வெடிக்கும். என் வயலினின் மேற்பலகை முதல் ஜனவரியிலேயே விரிசல் விட்டது. அன்று இரவு நான் அழுதேன். பெட்டிக்குள் வைக்கும் சிறிய ஈரப்பதக் குழாயை அக்டோபரிலேயே வாங்கி, ஈரப்பதம் 40-க்கும் 60 விழுக்காட்டுக்கும் இடையே இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

இறுதியாண்டுத் தனி நிகழ்ச்சியின் முற்பகுதியில் நின்றபடி ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக்கின் தனி வயலின் சொனாட்டா ஒன்றை வாசித்தேன். பிற்பகுதியில் மேடையில் விரிப்பு விரித்து அமர்ந்து கல்யாணி ராகத்தை விரித்து வாசித்தேன். நடுவில் சுருதியை மாற்றினால் தந்தி நிலைக்காது என்பதால், கல்லூரி இரவலாகத் தந்த இன்னொரு வயலினை ச-ப-ச-ப கூட்டித் தயாராக வைத்திருந்தேன். முதல் பருவத்தில் என்னை இரண்டாம் வயலின் வரிசையின் கடைசி நாற்காலியில் அமர்த்திய ஆர்கெஸ்ட்ரா கண்டக்டர் அன்று முன்வரிசையில் அமர்ந்திருந்தார். உங்கள் இசைத் துறையிலும் இரவல் கருவிகள் இருக்கின்றனவா என்று முதல் வாரத்திலேயே கேட்டுவிடுங்கள். நல்லவற்றை மூத்த மாணவர்கள் செப்டம்பருக்குள் எடுத்துக்கொண்டு விடுவார்கள்.