கடலடிச் சேற்றில் மீத்தேன்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கடலடிச் சேற்றைப் பரிசோதித்தே கீழே எண்ணெய் இருப்பதைச் சொல்லிவிடலாம் என்கிறார்களே? சேற்றில் மீத்தேன் இருந்தால் போதுமா? ராமநாதபுரத்தில் எரிவாயு எடுக்கிறார்கள், மதுரைப் பக்கம் ஏன் யாரும் தேடுவதில்லை?

க., மேலூர்

அன்புள்ள க.,

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். உங்கள் ஊர்க் குவாரிகளில் வெட்டுகிற கல்லைப் பாருங்கள். மதுரைக்கு அடியிலும் அந்தமாதிரிக் கடும் பாறைதான். பூமியின் ஆழத்தில் வெந்து உருமாறியது. எண்ணெய்க்கு வண்டல் வேண்டும். காவிரிப் படுகையின் வண்டல் கிழக்கே சிவகங்கைப் பக்கம்தான் தொடங்குகிறது. ராமநாதபுரம் அருகே வழுதூர் மின்நிலையத்தில் எரிகிற வாயு அந்தப் படுகையுடையது.

மீத்தேன் மட்டும் போதாது. கண்மாய்ச் சேற்றைக் கம்பால் கிளறினாலும் மீத்தேன் குமிழி வரும், அது நுண்ணுயிர்களின் வேலை. மீத்தேனைவிடக் கனமான ஈத்தேன், புரொப்பேன் வாயுக்களை அவை மிகச் சொற்பமாகவே உண்டாக்கும். ஆகவே மீத்தேன் அளவை அவ்விரண்டின் கூட்டுத்தொகையால் வகுப்பார்கள். ஈவு 1000-க்கு மேலும், கார்பன் ஐசோடோப்பு மதிப்பு (வாயுவில் கனமான கார்பன் எவ்வளவு என்பதன் அளவு; எண் கீழே இறங்க இறங்க இலேசான கார்பன் அதிகம்) ஆயிரத்துக்கு மைனஸ் 60-க்குக் கீழும் இருந்தால் சேற்றிலேயே பிறந்த வாயு. ஈவு 100-க்குள், ஐசோடோப்பு மைனஸ் 50-க்கு மேல் என்றால் ஆழத்தில் வெந்து வந்தது என்று கொள்ளலாம்.

ஏமாறுவது இங்கேதான். மீத்தேனைத் தின்னும் நுண்ணுயிர்கள் இலேசான கார்பன் உள்ளதை முதலில் தின்றுவிடும். மிஞ்சுவது கனமாகிறது, மீத்தேன் குறைவதால் ஈவும் இறங்குகிறது. சாதாரணச் சேற்று வாயு ஆழத்து வாயு வேஷம் போட்டு நிற்கும்! இது பெரும்பாலும் சல்பேட் இருக்கிற மேல்மட்டச் சேற்றில் நடப்பது. அதனால்தான் சேறு எடுக்கும் குழாயைக் கடலடியில் 3 முதல் 6 மீட்டர் வரை இறக்கி, அடிப்பகுதித் துண்டை எடுக்கிறார்கள்.

எடுத்த சேற்றை உடனே அரை லிட்டர் தகர டப்பாவில் ஏறக்குறைய பாதி வரை போட்டு, வாயு நீக்கிய நீரும் நுண்ணுயிர்க்கொல்லியும் சேர்த்து, மேலே 100 மில்லி அளவு காலியிடம் விட்டு மூடவேண்டும். மூடியைக் கீழே கவிழ்த்து உறையவைத்தால் அதன் வழியாக வாயு கசியாது. கொல்லியை மறந்தால் வழியிலேயே புது மீத்தேன் உற்பத்தியாகும். குழாயில் கிரீஸ் தடவக்கூடாது. படகின் டீசலும் கிரீஸும் கனமான ஹைட்ரோகார்பன் (எண்ணெயில் உள்ள பொருள்கள்) சோதனையைக் கெடுத்துவிடும்.

களிமண் மிகுந்த சேறு வாயுவை அதிகம் பிடித்துவைக்கும். மணல் மாதிரியோடு அதை ஒப்பிட்டு ‘இங்கே உச்சம்’ என்று வரைபடத்தில் வட்டம் போடுவது வெறும் கோலம். உண்மையான கசிவும் பிளவுகள் வழியே சாய்ந்து ஏறுவதால், வட்டத்துக்கு நேர் கீழே எண்ணெய் இருக்கவேண்டியதில்லை. கசிவே இல்லாவிட்டாலும் மேல் மூடுபாறை நல்ல கெட்டி என்று மட்டும் பொருளாகலாம்.

எண்ணெய் பிறக்கிற மூலப்பாறையை எடைபோட, துளையிடும்போது வரும் கல்துருவலை ராக்-எவால் கருவியில் சூடாக்குகிறார்கள். முதலில் வெளிவருவது பாறையில் ஏற்கெனவே இருக்கிற எண்ணெய், அது எஸ்-1. பிறகு சூட்டில் கரிமப் பொருள் உடைந்து வருவது எஸ்-2. மொத்தக் கரிமக் கார்பன் (உயிர்ப்பொருளிலிருந்து வந்த கார்பன்) அரை சதவீதத்துக்குக் கீழே என்றால் பொதுவாக மேற்கொண்டு ஆராயவேண்டாம். எஸ்-2 மிக அதிகமாக வெளிவரும்போது கருவி காட்டும் வெப்பநிலை 435 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் எண்ணெய் பிறக்கத் தொடங்கியிருக்கும். ஆனால் எஸ்-2 உச்சம் கிராமுக்கு 0.2 மில்லிகிராமுக்குள் இருந்தால் அந்த வெப்பநிலையை நம்பக்கூடாது. துளையிடும்போது உள்ளே ஊற்றுகிற துளைச்சேறு டீசல் கலந்ததென்றால் எஸ்-1 பொய்யாகக் கூடும். துருவலைக் கரைப்பானில் கழுவி மறுபடி சோதிக்கச் சொல்லுங்கள்.