பாதிப் பேச்சை வெட்டி ஒட்டினால் அது பரிந்துரையா? – வாசகர் கேள்விகளுக்குப் பதில்

இந்த முறை வந்த கடிதங்களைப் பிரித்து வைத்துப் பார்த்தபோது, பலதும் ஒரே சங்கதியைச் சுற்றியே இருந்தன. யாரோ ஒருவர் தெரிந்தவர்களிடம் சாதாரணமாகச் சொன்ன வார்த்தையைக் கடைக்காரர் எடுத்துக்கொண்டு போய்த் தன் சரக்குக்குச் சான்றாக ஒட்டிவிடுகிறார். ஆகவே அந்தக் கடிதங்களை மட்டும் இங்கே சேர்த்துப் பதில் சொல்கிறேன். எழுதியவர்களின் பெயரை விட்டுவிட்டேன்.

நான் பாளையங்கோட்டையில் ஓய்வுபெற்ற ஆசிரியை. எங்கள் பழைய மாணவியர் வாட்ஸ்அப் குழுவில் ஒருத்தி ஒரு மூட்டுவலித் தைலத்தைப் பற்றிக் கேட்டாள். "நானும் வாங்கித் தடவினேன். முதல் ரெண்டு நாள் வலி கொறஞ்ச மாதிரி இருந்தது, அப்புறம் பழையபடிதான். வாசனை நல்லா இருக்கு, அவ்வளவுதான்" என்று போட்டேன். ஒரு மாதம் கழித்து என் படத்தோடு ஒரு போஸ்டர் சுற்றுகிறது: "ரெண்டே நாளில் வலி குறைந்தது! வாசனையும் அருமை! – ஓய்வுபெற்ற ஆசிரியை, பாளை". என்னிடம் படித்த பிள்ளைகள் சிலர் அதை நம்பி வாங்கியும் விட்டார்கள். மனசு ஆறவில்லை. நானும் குற்றவாளி ஆகிவிடுவேனா?

அம்மா, முதலில் கடைசிக் கேள்விக்குப் பதில். நீங்கள் குற்றவாளி இல்லை. நீங்கள் எதையும் பரிந்துரைக்கவே இல்லை. உங்கள் பெயரில் அதைச் செய்தது அவர்கள்.

இரண்டு வாசகங்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். "கொறஞ்ச மாதிரி" என்பதில் "மாதிரி" காணாமல் போய்விட்டது. "ரெண்டு நாள்" என்பது "ரெண்டே நாளில்" ஆகிவிட்டது. நீங்கள் சொன்னதில் உண்மையான தீர்ப்பு "அப்புறம்" என்ற சொல்லுக்குப் பிறகுதான் வருகிறது, கத்தரி விழுந்ததும் சரியாக அந்த இடத்தில்தான். குழுவில் நீங்கள் எழுதாத "ஓய்வுபெற்ற ஆசிரியை" என்பதை அவர்களாகவே சேர்த்திருக்கிறார்கள். டீச்சர் சொன்னால் பாளையில் நாலு பேர் கேட்பார்கள் என்று தெரிந்துதான் சேர்த்திருக்கிறார்கள். நீங்கள் இத்தனை வருடம் வகுப்பறையில் நின்று சம்பாதித்த மதிப்பை ஒரு தைலப் புட்டியின் மேல் ஒட்டியிருக்கிறார்கள். உங்கள் கோபம் முழுக்க நியாயம்.

2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பரிந்துரை என்பதற்கு விரிவாகவே பொருள் சொல்கிறது. ஒருவரின் பேச்சோ, பெயரோ, கையெழுத்தோ, உருவமோ விளம்பரத்தில் வந்து, அது அவருடைய அனுபவம் என்று வாங்குபவரை நம்ப வைத்தால் அது பரிந்துரை. நடிகராகவோ விளையாட்டு வீரராகவோ இருக்க வேண்டியதில்லை. முக்கியமான தகவலை வேண்டுமென்றே மறைக்கும் விளம்பரமும் தவறாக வழிநடத்தும் விளம்பரம்தான் என்று அதே சட்டம் சொல்கிறது. மூன்றாம் நாள் வலி திரும்பி வந்ததை வெட்டி எறிந்தது அந்த வகை.

இது போக, ஒருவருடைய பெயரையோ உருவத்தையோ அவர் சம்மதம் இல்லாமல் விளம்பரத்துக்குப் பயன்படுத்துவது அந்தரங்க உரிமையை மீறுவது என்று உச்ச நீதிமன்றம் 1994-லேயே ராஜகோபால் எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில் சொல்லியிருக்கிறது. நம்மூரில் பலருக்கு அதை ஆட்டோ சங்கர் வழக்கு என்று சொன்னால்தான் பிடிபடும். அதன் அடிப்படையில் உரிமையியல் நீதிமன்றத்தில் இழப்பீடும் கேட்கலாம்.

இனி செய்ய வேண்டியது. உங்கள் பழைய பதிவை அழித்துவிடாதீர்கள். கோபத்தில் குழுவை விட்டு வெளியேறுகிறவர்கள் செய்கிற முதல் தப்பு அதுதான். அந்தப் பதிவையும், மேலே இருக்கும் தோழியின் கேள்வியையும், தேதி நேரம் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். போஸ்டரையும் அது வந்த எண் தெரியும்படி எடுங்கள். இப்போது போனை மாற்ற வேண்டாம். வழக்கு என்று போனால் மின்னணுச் சான்றுக்கு 2023-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுப்படி ஒரு சான்றிதழ் தேவைப்படும். அசல் பதிவு உங்கள் போனில் இருந்தால் அந்த வேலை சுலபம்.

அப்புறம் தைலக்காரருக்கு ஸ்பீடு போஸ்டில் ஒரு கடிதம் போடுங்கள். "இது நான் சொன்னது இல்லை, நான் சொன்னது இதுதான்" என்று முழு வாசகத்தையும் எழுதி, போஸ்டரை நிறுத்தி மறுப்பு வெளியிட ஏழு நாள் கொடுங்கள். அதே கடிதத்தைக் குழுவிலும் போட்டுவிடுங்கள். பிள்ளைகள் நீங்கள் எழுதியதை முழுசாகப் படிக்க வேண்டும்.

நிறுத்தவில்லை என்றால் கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்துக்குப் போகலாம். தவறான விளம்பரம் பற்றிய புகாரை மாவட்ட ஆட்சியரிடமே எழுத்தில் கொடுக்கலாம் என்று நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு சொல்கிறது. இது பலருக்குத் தெரியாது. திங்கட்கிழமை மனு நாளில் பட்டாவுக்கும் முதியோர் உதவித்தொகைக்கும் வரிசையில் நிற்கிற கூட்டத்தோடு இந்த மனுவோடும் நிற்கலாம். ஆட்சியர் விசாரித்து அறிக்கை அனுப்ப முடியும். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் முதல் தடவைக்கு 10 லட்சம் ரூபாய் வரையும், திரும்பச் செய்தால் 50 லட்சம் வரையும் அபராதம் போடலாம்.

ஒன்று மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள். உங்கள் வார்த்தை குழுவுக்குள்ளிருந்து யாரோ ஒருவர் வழியாகத்தான் வெளியே போயிருக்கிறது. அவர் யாரென்று தோண்டி ஒரு பழைய மாணவியை எல்லார் முன்னிலும் நிறுத்த வேண்டாம். பெரும்பாலும் அவள் நல்லெண்ணத்தில் அனுப்பியிருப்பாள். வெட்டியது கடைக்காரர்.

அம்பாசமுத்திரம் பக்கம் கருப்பட்டி, சுக்குக் கருப்பட்டி வியாபாரம் செய்கிறேன். வாங்கியவர்கள் போனில் நல்ல நல்ல வார்த்தை அனுப்புகிறார்கள். அதை அட்டைப்பெட்டியில் போட்டுக்கொள்ளலாமா? ஒருவர் "உங்க கருப்பட்டிக்கு மாறின பிறகு சுகர் 240-லேருந்து 150-க்கு வந்துட்டு" என்று எழுதியிருக்கிறார்.

அண்ணாச்சி, கேட்டுவிட்டுச் செய்ய நினைத்தீர்களே, அதற்கே நன்றி.

போடலாம். ஆனால் அவரிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள். "நல்லாருக்கு அண்ணாச்சி" என்று அவர் அனுப்பியது உங்களுக்கு, உங்கள் பெட்டிக்கு இல்லை. "இதை அச்சடிக்கட்டுமா? பேர் போடட்டுமா, ஊர் மட்டும் போதுமா, படம் வேண்டாமா?" என்று கேட்டு, அவர் "சரி" என்று எழுதிய பதிலைப் பத்திரப்படுத்துங்கள். பெயருக்குச் சம்மதம் கொடுத்தால் படத்துக்கும் கொடுத்தார் என்று ஆகாது. அவர் எழுதியபடியே போடுங்கள், திருத்தி மெருகேற்ற வேண்டாம். "மணம் அருமை, கொஞ்சம் கசிவு இருக்கு" என்று எழுதியிருந்தால் இரண்டையும் போடுங்கள். மழைக்காலத்தில் கருப்பட்டி கசியும் என்று நம் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். அதையும் சேர்த்துப் போட்ட பெட்டியை நான் கூடுதலாகவே நம்புவேன். தேதியையும் போட்டால் நல்லது. 2022-ஆம் ஆண்டு வந்த விளம்பர வழிகாட்டு நெறிகள், பரிந்துரை உண்மையானதாகவும் ஓரளவு சமீபத்தியதாகவும் இருக்க வேண்டும் என்கின்றன. நாலு வருடத்துக்கு முந்திய பருவத்துச் சரக்கைப் புகழ்ந்த வார்த்தை இந்த வருடத்துச் சரக்குக்குச் சாட்சி சொல்லாது.

சுகர் விஷயத்தைத் தொடவே தொடாதீர்கள். அவர் உண்மையாகவே எழுதியிருக்கலாம், முழுச் சம்மதமும் கொடுக்கலாம். அப்படியும் போடக்கூடாது. குறிப்பிட்ட நோய்களைக் குணமாக்கும், தடுக்கும் என்று விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டு மருந்து மற்றும் மாய சிகிச்சைகள் சட்டம் தடுக்கிறது. அந்த நோய்ப் பட்டியலில் நீரிழிவு இருக்கிறது. "நான் சொல்லலையே, வாடிக்கையாளர் சொன்னதுதானே" என்ற பதில் செல்லாது. பெட்டி உங்களுடையது, விளம்பரமும் உங்களுடையது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்திலும் தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் இருக்கிறது.

சட்டத்தை விடுங்கள். கருப்பட்டியும் சர்க்கரைதான். பதநீரைக் காய்ச்சிக் கெட்டியாக்கியது, அதில் பெரும்பங்கு சுக்ரோஸ். அந்த மனிதர் அதே மாதத்தில் மாத்திரையை மாற்றியிருக்கலாம், நடக்க ஆரம்பித்திருக்கலாம். அந்த ஒரு வரியைப் படித்துவிட்டு நாங்குநேரியில் ஒரு பாட்டி தினம் மூன்று வேளை கருப்பட்டிக் காப்பி குடித்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். அவரைத் திருப்பி அழைத்து, "ஐயா, டாக்டரிடம் காட்டிக்கொள்ளுங்க" என்று சொல்லுங்கள்.

பேட்டையில் இருந்து எழுதுகிறேன். ஆன்லைனில் சேலை வாங்கினேன். உள்ளே ஒரு சீட்டு: ஐந்து நட்சத்திரம் போட்டு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினால் 100 ரூபாய் திருப்பித் தருவோம் என்று. சேலை சுமார்தான். போட்டுவிட்டேன். தப்பா?

தப்புதான் தங்கச்சி. ஆனால் சரிசெய்துவிடலாம். உள்ளே போய் சேலை எப்படி இருந்ததோ அப்படியே மாற்றி எழுதுங்கள், "இதற்கு 100 ரூபாய் தந்தார்கள்" என்பதையும் சேருங்கள். பணமோ பொருளோ வாங்கிக்கொண்டு சொல்கிற கருத்தில் அந்தத் தொடர்பை வெளியே சொல்ல வேண்டும் என்பதே 2022 நெறிகளின் சாரம். வீடியோ போடுகிற பிள்ளைகளும் கவனிக்க வேண்டும். பேசுவது தமிழில் என்றால் "இது விளம்பரம்" என்பதையும் தமிழிலேயே சொல்லணும் என்று 2023 ஜனவரியில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை வெளியிட்ட விளக்கம் சொல்கிறது. அந்தச் சீட்டைத் தூர எறியாதீர்கள், புகாருக்கு அதுதான் சான்று.

பத்தமடையில் பாய் நெய்கிற குடும்பம் நாங்கள். எங்களிடம் பட்டுப்பாய் வாங்கியவர்கள் எழுதிய பாராட்டையும் பாயின் படத்தையும் வேறொருவர் எடுத்துத் தன் பாயை விற்கிறார். அவர் விற்பது கோரையே இல்லை, பிளாஸ்டிக்.

இதில் ஒரே நேரத்தில் மூன்று பேரை ஏமாற்றியிருக்கிறார்கள். பாராட்டியவரின் வார்த்தையை அவர் பார்த்தே இராத பொருளுக்கு மாற்றிவிட்டார்கள், அதை நம்பி வாங்கியவர் ஏமாந்தார், தாமிரபரணிக் கரைக் கோரையை ஊறவைத்துக் கீறிச் சாயம் ஏற்றி நாள்கணக்கில் தறியில் உட்கார்ந்த உங்கள் உழைப்பும் போயிற்று.

உங்கள் கையில் வலுவான ஆயுதம் இருக்கிறது. பத்தமடைப் பாய் புவிசார் குறியீடு பெற்றது. அந்தப் பெயரைப் பொய்யாக வேறு பொருளுக்குப் போட்டால் 1999-ஆம் ஆண்டுப் புவிசார் குறியீட்டுச் சட்டப்படி ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், 50 ஆயிரம் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. தனியாகப் புகார் கொடுக்காமல் உங்கள் ஊர் நெசவாளர்கள் சேர்ந்தே கொடுங்கள். பாராட்டு எழுதியவரிடம் "நான் வாங்கியது பத்தமடையில், இவரிடம் இல்லை" என்று இரண்டு வரி எழுதி வாங்குங்கள். அவருக்கும் கோபம் இருக்கும், கட்டாயம் தருவார். அந்தப் பிளாஸ்டிக் பாய் ஒன்றை ரசீதோடு வாங்கி வைத்துக்கொள்வதும் நல்லது. விசாரணையில் இரண்டு பாயையும் பக்கத்தில் விரித்துக் காட்டலாம்.

வாடிக்கையாளர் கருத்து உண்மையா, கடைக்காரரே எழுதியதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? – கல்லூரி மாணவன், வள்ளியூர்

தம்பி, அளவுகோல் ஒன்றும் கிடையாது, காது வேண்டும். போன வாரம் ஒரு கருப்பட்டி விளம்பரம் என் கைக்கு வந்தது. கோயம்புத்தூர்க்காரர், திசையன்விளைக்காரர், சென்னைக்காரர் என்று ஏழு பேர் பேசியிருந்தார்கள். ஏழு பேரும் "கருப்பட்டி"யை ஒரே மாதிரி தப்பாக, "ப்" இல்லாமல் எழுதியிருந்தார்கள். திசையன்விளைக்காரர் ஒருவருக்காவது அது சரியாக வராதா? அதில் ஒருவர், "இன்று காலை இறக்கிய பதநீரில் காய்ச்சிய புதுக் கருப்பட்டி" என்று ஐப்பசி மாதத்துத் தேதி போட்டிருந்தார். பதநீர் இறங்குவது கோடையில். அடைமழையில் எந்தப் பனையேறி மரம் ஏறினார்?

நிஜமாக வாங்கியவர் பேச்சில் ஒரு குறை எட்டிப் பார்க்கும். பார்சல் நசுங்கி வந்தது, மாமியாருக்குப் பிடிக்கவில்லை, விலை கூடுதல் என்று ஏதாவது இருக்கும். ஸ்கிரீன்ஷாட் என்றால் மேலும் கீழும் என்ன வெட்டப்பட்டிருக்கிறது என்று பார். வாக்கியம் சட்டென்று நின்றால், அடுத்த சொல் "ஆனா" என்று இருந்திருக்கலாம். சந்தேகம் என்றால் கடைக்காரரிடமே "முழுசையும் காட்டுங்க" என்று கேள். நேர்மையானவர் காட்டிவிடுவார்.

குறை சொல்லி எழுதினால் அழித்துவிடுகிறார்கள், நல்லதை மட்டும் வைக்கிறார்கள். கேட்க ஆளில்லையா?

இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022 நவம்பரில் இணையக் கருத்துகளுக்கென்றே ஐ.எஸ். 19000 என்ற தரத்தைக் கொண்டுவந்தது. பிடிக்காத கருத்தை மட்டும் பார்த்து நீக்கக்கூடாது என்ற நோக்கம் அதில் உண்டு. ஆனால் அது விருப்பப்பட்டவர்கள் பின்பற்றுவதற்கு மட்டும்தான். அதைக் கட்டாயமாக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஒரு சத்துமாவுப் பாக்கெட்டில் எங்கள் ஊர் டாக்டர் பெயர் போட்டு "பரிந்துரைக்கிறார்" என்று இருக்கிறது. போடலாமா?

கூடாது. பதிவுபெற்ற மருத்துவர் தன் பெயரை மருந்து, பொருள் விளம்பரத்துக்குப் பரிந்துரையாகக் கொடுக்கக்கூடாது என்று 2002-ஆம் ஆண்டு மருத்துவ நடத்தை விதிகள் சொல்கின்றன. பாக்கெட்டை அந்த டாக்டரிடமே கொண்டுபோய்க் காட்டுங்கள். அவருக்கே தெரியாமல் இருக்க வாய்ப்பு அதிகம்.

இப்படி ஒரு போஸ்டரை நம்பி 640 ரூபாய்க்கு முடித்தைலம் வாங்கி ஏமாந்தேன். 640 ரூபாய்க்குப் போய்க் கேஸ் போடுவார்களா என்று வீட்டில் சிரிக்கிறார்கள். – நாங்குநேரி

போடுவார்கள், போடுங்கள். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கூப்பிட்டுத் தமிழிலேயே சொல்லுங்கள், கட்டணம் இல்லை. பல கடைகள் அந்த அழைப்போடு பணத்தைத் திருப்பிவிடும். திருப்பவில்லை என்றால் திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போட 2019 சட்டம் வழி வைத்திருக்கிறது. கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தே ஆகவேண்டும் என்பதும் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

ரசீது, பணம் போன விவரம், தைலப் புட்டி, அந்தப் போஸ்டர் நான்கையும் ஒரே உறையில் போட்டு வையுங்கள். புட்டியைக் காலி செய்துவிடாதீர்கள். பாதியாவது மிச்சம் இருக்கட்டும், ஆய்வுக்கு அனுப்பச் சொன்னால் தேவைப்படும்.