“எட்டுப் பேரும் தப்பாத்தான் பேசுறோம், அக்கா”: வகுப்புக்கு வெளியே ஆங்கிலம் பழகுவோருக்கான கேள்வி பதில்

காரைக்குடியில் ஒரு பழைய வீட்டுத் திண்ணையில், செவ்வாயும் வெள்ளியும் சாயங்காலம், கல்லூரிப் பிள்ளைகளோடு ஆங்கிலம் பேசிப் பழகும் கூட்டத்தை ஒன்பது வருஷமாக நடத்துகிறேன். பலகை கிடையாது, பரீட்சை கிடையாது. கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தேன். திரும்பத் திரும்ப வந்தவற்றை எடுத்துக்கொண்டேன்.

இயற்பியல் இரண்டாமாண்டு, கோட்டையூர்: அக்கா, ஹாஸ்டல்ல எட்டுப் பேர் சேர்ந்து தினம் ஒரு மணி நேரம் இங்கிலீஷ் மட்டும்தான்னு முடிவு பண்ணினோம். தமிழ் பேசினா பத்து ரூபாய் ஃபைன். ரெண்டே வாரத்துல எல்லாரும் வாயைத் திறக்காம உட்கார்ந்திருக்கோம்.

அபராதத்தை இன்றைக்கே எடுத்துவிடுங்கள் தம்பி. வாயைத் திறந்தால் காசு போகும் என்றால் யார் திறப்பார்கள்? அடுத்தது, எட்டுப் பேரும் ஒரே மெஸ்ஸில் சாப்பிட்டு ஒரே லேபில் நிற்கிறீர்கள். ஒருவருக்குத் தெரிந்தது எல்லாருக்கும் தெரியும். ‘ஹவ் ஆர் யூ’ முடிந்தபின் பேச என்ன மிச்சம் இருக்கிறது?

மற்ற ஏழு பேருக்கும் தெரியாத ஒன்றை ஒவ்வொருவரும் கொண்டு வாருங்கள். ஜோடி ஜோடியாக உட்கார்ந்து அதை 4 நிமிடம் சொல்லுங்கள். பிறகு ஜோடி மாறி, அதே விஷயத்தைப் புது ஆளிடம் 3 நிமிடத்தில். இன்னொரு முறை மாறி 2 நிமிடத்தில். கீத் மாரிஸ் என்பவர் 1983-ல் எழுதிய முறை இது. முதல் சுற்றில் என்ன சொல்வது, எந்தச் சொல்லில் சொல்வது என்று இரண்டையும் சேர்த்துத் தேடுவீர்கள். மூன்றாம் சுற்றில் விஷயம் மனசில் படிந்திருக்கும், நாக்கு மட்டும் ஓடினால் போதும். கேட்பவர் புதியவர் என்பதால் அவருக்கும் அலுக்காது.

ஆத்தங்குடியிலிருந்து வந்த மாணவி ஒருத்தி, தரையில் பதிக்கும் பூ வேலைக் கல்லை அப்பா வார்ப்பதைச் சொன்னாள். கண்ணாடி மேல் அச்சை வைத்துச் சாயக் கலவையை ஊற்றி, அச்சை எடுத்துவிட்டு, மேலே சிமெண்டும் மணலும் போட்டு, காய்ந்ததும் தண்ணீரில் ஊறப் போடுவார்கள். முதல் சுற்றில் ‘கலர் புட்டிங், தென் சிமெண்ட் புட்டிங்’ என்றாள். மூன்றாம் சுற்றில் ‘த கலர் இஸ் போர்ட் (poured) ஆன் த கிளாஸ்’ என்று வந்தது. பள்ளிக்கூடத்தில் ஐந்து வருஷம் அவளை அழவைத்த பாஸிவ் வாய்ஸ்! நடுவில் கேட்டுக்கொண்டிருந்தவள் ஒருத்தி ‘போர்ட்’ என்ற சொல்லை எடுத்துக் கொடுத்தாள், அவ்வளவுதான். எனக்கு அன்றைக்கு ராத்திரி தூக்கமே வரவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

பி.காம். மூன்றாமாண்டு, தேவகோட்டை: எட்டுப் பேரும் தப்பாத்தான் பேசுறோம், அக்கா. ஒருத்தர் தப்பை இன்னொருத்தர் கத்துக்கிட்டா?

நியாயமான பயம். எல்லாரும் தமிழ் வழியாகவே ஆங்கிலத்துக்குள் போவதால் சில தப்புகள் கூட்டத்தில் யார் காதிலும் உறுத்தாது. ‘ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்’, ‘டிஸ்கஸ் அபவுட் இட்’ என்று சொல்லிப் பாருங்கள், எட்டுப் பேரும் தலையாட்டுவீர்கள். உச்சரிப்பிலும் அப்படித்தான். பாக்கு, நாடு என்று உகரத்தில் முடித்தே பழகிய நாக்கு, ‘புக்’கை ‘புக்கு’ ஆக்கிவிடும்.

அதனால் 2 நிமிடச் சுற்றை மட்டும் செல்லில் பதிவு செய்யுங்கள். பேசுகிறவரை நடுவில் நிறுத்தித் திருத்தாதீர்கள். முடிந்தபின் கேட்டு, மூன்றே மூன்று இடத்தைக் குறித்து, இலக்கணப் புத்தகத்திலோ அகராதியிலோ பாருங்கள். மூன்றுக்கு மேல் போனால் அடுத்த நாள் அவர் வரமாட்டார்.

பயந்து பேசாமலே இருப்பதில் இதைவிட நஷ்டம். கனடாவில் பிரெஞ்சு வழியில் படித்த ஆங்கிலக் குழந்தைகள், வருஷக்கணக்கில் பிரெஞ்சைக் கேட்டும் பேச்சில் பின்தங்கியிருந்ததை மெரில் ஸ்வெய்ன் என்ற மொழி ஆய்வாளர் 1985-ல் எழுதினார். சொல்ல முயலும்போதுதான் நம்மிடம் இல்லாத சொல் எது என்று நமக்கே தெரியவரும் என்பது அவர் வாதம். திண்ணையில் ஒவ்வொரு கூட்டத்திலும் நான் பார்ப்பதும் அதுதான்.

எம்.எஸ்சி., கல்லல்: எங்க கூட்டத்துல ஒருத்தன் சின்ன வயசுலேருந்து இங்கிலீஷ் மீடியம். அவன் பேச ஆரம்பிச்சா மத்தவங்க அடங்கிடுறோம்.

அவர் கையில் பென்சிலைக் கொடுங்கள். ஆத்தங்குடிக் கல்லின் பூ வேலையை நீங்கள் மட்டும் பார்த்துச் சொல்ல, அவர் பார்க்காமல் வரைய வேண்டும். சந்தேகம் கேட்கலாம், வேறு எதுவும் பேசக்கூடாது. படம் சரியாக வர அவர் உங்களை நம்பித்தான் ஆகவேண்டும்.

புதுவயல்: பிரிட்டிஷ் உச்சரிப்பா, அமெரிக்க உச்சரிப்பா?

இரண்டும் இப்போது வேண்டாம். அழுத்தம் எங்கே விழுகிறது என்று மட்டும் பாருங்கள். ‘ஃபோட்டோகிராஃப்’ என்பதில் முதல் அசையில், ‘ஃபோட்டோகிராஃபி’ என்பதில் இரண்டாம் அசையில். அது மாறினால்தான் கேட்பவருக்குப் புரியாமல் போகிறது.

பள்ளத்தூர்: ஆறு மணி பஸ்ஸை விட்டா வீட்டுல திட்டு விழும். சாயங்காலக் கூட்டத்துக்கு எங்களை மாதிரி பொண்ணுங்க எப்படி வர்றது?

வரமுடியாததைக் குறையாக நினைக்காதீர்கள் தங்கச்சி. நாலு பேர் சேர்ந்து, ஆளுக்கு ஒரு நிமிடக் குரல்செய்தி அனுப்புங்கள். ஒருவர் சொன்னதிலிருந்து ஒரு கேள்வி கேட்டுத்தான் அடுத்தவர் தொடங்க வேண்டும். பஸ்ஸில் கேட்க ‘வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா’வின் பழைய எளிய ஆங்கில நிகழ்ச்சிகளைத் தேடுங்கள். 1959-ல் தொடங்கியது, சுமார் 1,500 சொற்களுக்குள், நிதானமாக வாசிப்பார்கள். படிக்க ‘ஆக்ஸ்ஃபோர்டு புக்வார்ம்ஸ்’ என்ற எளிய ஆங்கிலக் கதைப் புத்தக வரிசையில் 400 சொல் அளவுள்ள முதல் நிலையை எடுங்கள். கல்லூரிப் பிள்ளை அதைப் படிப்பதா என்று கூச்சம் வேண்டாம்.

ஒரு தாயார், கானாடுகாத்தான்: டீச்சர், என் மகன் உங்க கூட்டத்துக்கு வர்றான். வீட்டுல இங்கிலீஷ் பேச ஆளில்லை. நான் எட்டாவதுதான். நான் என்ன செய்யட்டும்?

ஆச்சி, உங்கள் ஐயா காலத்தில் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் போய் லேவாதேவிக் கடைகளில் வேலை பழகிய பெட்டியடிப் பையன்களுக்கு யார் வகுப்பு எடுத்தார்கள்? கடைக்கு வருகிறவர்களிடம் பேசிப் பேசியே அந்த ஊர்ப் பேச்சைப் பிடித்தார்கள். கேட்க எதிரே ஆள் இருந்தது. அந்த ஆளாக நீங்கள் இருங்கள். அன்றைக்கு இங்கே சொன்னதை ராத்திரி சாப்பிடும்போது தமிழில் உங்களிடம் சொல்லச் சொல்லுங்கள். “அப்புறம்?” என்று கேளுங்கள். “இது விளங்கலையே” என்று நீங்கள் சொல்லும் இடத்தை அவர் குறித்துக்கொண்டு வரட்டும். வெள்ளிக்கிழமை அந்த இடத்திலிருந்து தொடங்குகிறேன்.