ஐந்து ஆண்டுகளில் இரண்டு பட்டங்கள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: என் மகன் உயர்தரத்தில் கணிதப் பிரிவில் இரண்டு ஏ, ஒரு பி பெற்றிருக்கிறான். பொறியியற்பீடத்துக்கு அவனுடைய இசட் புள்ளி போதுமா என்பது வெட்டுப்புள்ளி வந்த பிறகுதான் தெரியும். கனடாவில் இருக்கும் என் தம்பி, அமெரிக்காவில் இளமாணியையும் முதுமாணியையும் சேர்த்து ஐந்தே ஆண்டில் முடிக்கலாம், ஓர் ஆண்டுச் செலவு மிச்சம் என்கிறான். இதை நம்பி நான்கு பரப்புக் காணியை விற்கலாமா?
(கோண்டாவிலில் இருந்து ஒரு தாய்)

பதில்: அம்மா, உங்கள் தம்பி சொல்வது பொய்யல்ல. அப்படியான கற்கைநெறிகள் அங்கே நிறைய உண்டு. ஆனால் அந்த ஓர் ஆண்டு எங்கிருந்து மிச்சமாகிறது என்பதை அறிந்துகொண்ட பிறகே காணி உறுதியைப் பெட்டியில் இருந்து வெளியே எடுங்கள்.

அமெரிக்காவில் பொறியியல் இளமாணிப் பட்டம் வழமையாக நான்கு ஆண்டு. பாடங்களின் அளவைக் குறிக்கும் கிரெடிட் கணக்கில் ஏறத்தாழ 128. முதுமாணி பெரும்பாலும் 30 கிரெடிட். தனித்தனியாகப் படித்தால் 158. உங்கள் தம்பி சொல்லும், இரண்டையும் இணைத்த விரைவு நெறியில், மாணவர் நான்காம் ஆண்டிலேயே முதுமாணித் தரத்துப் பாடங்கள் சிலவற்றைப் படிக்க, அவை இரண்டு பட்டங்களுக்கும் கணக்கில் எடுக்கப்படுகின்றன. அப்படி 9 கிரெடிட் பகிரப்பட்டால் மொத்தம் 149 ஆகிறது. 9 என்பது சிறிய எண்ணாகத் தோன்றும். ஆனால் முதுமாணி மாணவர் ஒரு பருவத்தில் (செமஸ்டரில்) எடுக்கும் முழுநேரச் சுமையே வழமையாக 9 கிரெடிட்தான். முப்பதையும் அந்த வேகத்தில் படித்தால் நான்காம் பருவம் வரை இழுக்கும். ஒன்பது முன்கூட்டியே முடிந்திருந்தால் மீதி 21, சற்று இறுக்கிப் படித்தால் இரண்டு பருவத்தில் தீரும். உங்கள் தம்பி சொல்லும் மிச்சம் இந்த அரை ஆண்டு முதல் ஓர் ஆண்டு வரையான காலந்தான். இளமாணியின் நான்கு ஆண்டில் ஒரு மாதமும் இதனால் குறைவதில்லை.

இதைவிட முக்கியமான ஒன்றை உங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் முதலில் கிடைக்கும் அனுமதி இளமாணிக்கு மட்டுமே. விரைவு நெறிக்கு மூன்றாம் ஆண்டளவில் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். அதுவரை பெற்ற ஜி.பி.ஏ. சராசரி 3.0 அல்லது 3.5 இருக்க வேண்டும் என்று துறைக்குத் துறை நிபந்தனை வைக்கிறார்கள். பதினெட்டு, பத்தொன்பது வயதில் விமானம் ஏறும் பிள்ளைக்கு ஐந்தாம் ஆண்டில் முதுமாணி நிச்சயம் என்று உறுதி சொல்ல எவராலும் முடியாது. நிச்சயமில்லாத ஓர் ஆண்டை வரவில் எழுதி நிச்சயமான காணியை விற்பது சரியான கணக்கு அல்ல.

என்னிடம் இணைந்த கணிதம் படித்த மாணவி ஒருத்தி இந்த நெறியில் சேர்ந்து நன்றாகவே படித்தாள். அவளுடைய பல்கலைக்கழகம் இரண்டு பட்டங்களையும் கடைசியில் ஒன்றாகவே வழங்கும் முறையைக் கொண்டிருந்தது. அவளுக்குக் கிடைத்த கட்டணப் புலமைப்பரிசிலோ எட்டுப் பருவங்களுக்கு மட்டுமானது. ஒன்பதாம் பருவம் தொடங்கியபோது தொலைபேசித் திரையில் கட்டணச் சீட்டை எனக்குக் காட்டினாள். முந்திய சீட்டுகளில் இருந்த புலமைப்பரிசில் என்ற வரியே அதில் இல்லை; தொகை முழுதாக நின்றது. முதுமாணி மாணவருக்குரிய கற்பித்தல் உதவியாளர் வேலையும் அவளுக்குக் கிடைக்கவில்லை, ஏனெனில் பதிவேட்டில் அவள் இன்னும் இளமாணி மாணவியாகவே இருந்தாள். கற்றது வீண்போகவில்லை, ஆனால் அந்தப் பணத்துக்காக அவளுடைய தகப்பன் பட்ட பாட்டை நான் அருகில் இருந்து பார்த்தேன். ஆகவே புலமைப்பரிசில் எத்தனை பருவத்துக்கு, முதுமாணிப் பதிவுக்கு மாறும் நாள் எது என்ற இரண்டையும் சேருமுன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

என் எண்ணத்தைச் சொல்கிறேன். வெட்டுப்புள்ளி வரும் வரை காணியைத் தொடாதீர்கள். மகனுக்கு இங்கே பொறியியற்பீடம் கிடைத்தால் நான்கு ஆண்டு இலவசமாகப் படிக்கலாம், தகுதி இருந்தால் மகாபொல புலமைப்பரிசிலும் கிடைக்கும். இலங்கைப் பொறியியலாளர் நிறுவனம் 2014இல் வாஷிங்டன் உடன்படிக்கையின் முழு உறுப்பினராகியது. அந்த நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற நெறியில் பட்டம் பெறுபவரின் கல்வித் தகுதியை மற்ற உறுப்பு நாடுகளின் பொறியியல் அமைப்புகளும் ஏற்கின்றன. இங்கே கிடைக்காமல் போனால், நான்கு ஆண்டு இளமாணியின் முழுச் செலவையும் விரைவு நெறி என்ற ஒன்றே இல்லை என்று வைத்துக் கணக்கிடுங்கள். அது உங்களால் தாங்கக்கூடிய தொகையாக இருந்தால் மட்டும் காணியைப் பற்றிப் பேசலாம்.

கேள்வி: நான் அறிவியல்நகர் பொறியியற்பீடத்தில் மூன்றாம் ஆண்டு மாணவன். யாழ்ப்பாணத்தில் ஒரு முகவர், இப்போதே அமெரிக்காவின் நான்கு கூட்டல் ஒன்று நெறிக்கு மாறினால் இரண்டு ஆண்டில் முதுமாணியுடன் வெளியே வரலாம் என்கிறார். மாறலாமா?

பதில்: தம்பி, இந்த நெறிகள் அந்தந்தப் பல்கலைக்கழகம் தன் சொந்த இளமாணி மாணவருக்காக வைத்திருப்பவை. எம்.ஐ.டி.யின் மின்னியல், கணினித் துறை வழங்கும் எம்.எங். என்ற பொறியியல் முதுமாணிப் பட்டத்துக்கு அங்கே இளமாணி படித்தவர்களே சேரலாம். ஸ்டான்போர்டில் கோடெர்ம் என்று வழங்கும் நெறியும் அப்படியே. நீங்கள் இடம் மாறினால் முதலில் இளமாணி மாணவராகவே மாற வேண்டும். இங்கே படித்த பாடங்களில் எத்தனையை அங்கே ஏற்பார்கள் என்பது முன்கூட்டித் தெரியாத விடயம். ஏற்காதவற்றை மறுபடியும் பணம் கட்டிப் படிக்க நேரும். இரு பல்கலைக்கழகங்களுக்கிடையே எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் மட்டுமே கதை வேறு. அப்படி ஒன்று இருப்பதாக முகவர் சொன்னால் உங்கள் பீடாதிபதி அலுவலகத்தில் விசாரியுங்கள். முகவரிடம் விசாரிப்பதால் பயனில்லை.

உங்களுக்குத் திறந்திருக்கும் உண்மையான குறுக்கு வழி வேறொன்று. அமெரிக்காவின் பல பொறியியல் துறைகள் முதுமாணி இல்லாமல், நான்கு ஆண்டுச் சிறப்புப் பட்டத்துடன் வருபவரை நேரடியாகக் கலாநிதிப் படிப்புக்கு எடுக்கின்றன. அப்படி எடுக்கப்படுபவருக்குப் பெரும்பாலும் ஆய்வு உதவியாளராகவோ கற்பித்தல் உதவியாளராகவோ வேலை தந்து, கட்டணத்தையும் தள்ளி, மாதப்படியும் கொடுக்கிறார்கள். இடையில் முதுமாணிப் பட்டத்தையும் பெற்றுக்கொள்ளும் வழி பல இடங்களில் உண்டு. ஆராய்ச்சியில் மெய்யான விருப்பம் இருந்தால், மிஞ்சியுள்ள காலத்தை இறுதியாண்டு ஆய்வுத் திட்டத்தில் ஊன்றிச் செலவிடுங்கள். உங்கள் வேலையைக் கண்ணால் கண்ட விரிவுரையாளர் எழுதும் பரிந்துரைக் கடிதத்துக்கு அங்கே தனி மதிப்பு உண்டு. ஆராய்ச்சியில் நாட்டமில்லை என்றால் இங்கேயே வேலை செய்துகொண்டு முதுமாணி படிக்கலாம். இலங்கைத் தகைமைச் சட்டகத்தின்படி பாடநெறி முதுமாணிக்கு 30 கிரெடிட், ஆய்வும் சேர்ந்ததற்கு 60 கிரெடிட்.

கேள்வி: மகளுக்குப் பிரித்தானியாவில் குடிசார் பொறியியலுக்கு பி.எங்., எம்.எங். இரண்டிலும் இடம் கிடைத்திருக்கிறது. எதைத் தெரிவு செய்வது?
(சாவகச்சேரி வாசகர்)

பதில்: பட்டயப் பொறியியலாளர் ஆவது நோக்கமானால் எம்.எங். நல்லது. அங்கீகாரம் பெற்ற எம்.எங். அதற்குரிய கல்வித் தகுதியை முழுமையாக நிறைவு செய்கிறது, பி.எங். பெற்றவர் பின்னர் முதுமாணித் தரத்தில் மேலும் கற்க வேண்டும். இங்கிலாந்தில் எம்.எங். வழமையாக நான்கு ஆண்டு, ஸ்கொட்லாந்தில் ஐந்து. அமெரிக்க முறையைப் போல இரண்டு பட்டங்களை எதிர்பார்க்காதீர்கள். இது முதுமாணித் தரம் வரை செல்லும் ஒரே பட்டம். கடைசி ஆண்டுக்குப் பணம் போதாமல் போனால் பி.எங். பட்டத்துடன் வெளியேற இடம் இருக்கிறதா என்று மட்டும் கேட்டு வையுங்கள்.

கேள்வி: என் தங்கையின் மகள் அமெரிக்காவில் கணினிப் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். சராசரி 3.6. விரைவு நெறிக்கு விண்ணப்பிக்கச் சொல்லி ஆலோசகர் ஊக்குவிக்கிறார். அவளோ தயங்குகிறாள்.
(பருத்தித்துறை வாசகர்)

பதில்: அவளுடைய தயக்கத்தில் நியாயம் இருக்கிறது. நான்காம் ஆண்டு வெறும் பரீட்சை ஆண்டு அல்ல. நான்கைந்து பேர் கொண்ட குழுவாக ஒரு பொருளை வடிவமைத்து, செய்து காட்டும் பெரிய திட்டம் அந்த ஆண்டில்தான் வருகிறது. அதற்குப் பக்கத்தில், தன்னைவிட மூத்தவர்களுடன் அமர்ந்து முதுமாணிப் பாடம் படிக்க வேண்டும். இளமாணிப் பாடத்தில் ஒரு சி வந்தால் சராசரி சற்று இறங்குவதோடு முடிந்துவிடும். பகிரும் பாடத்துக்கோ பெரும்பாலும் பி தரமாவது கேட்கிறார்கள். சி வந்தால் அது முதுமாணிக்கு எண்ணப்படாது, மிச்சம் பிடித்த நேரம் அங்கேயே கரைந்துவிடும்.

ஆனாலும் 3.6 பெற்ற பிள்ளை பயந்து விலக வேண்டியதில்லை. அடுத்த பருவத்தில் ஒரேயொரு முதுமாணிப் பாடத்தை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அதில் தாக்குப்பிடித்தால் விண்ணப்பிக்கட்டும். முடியாவிட்டால் இளமாணியை நிறைவாக முடித்து, சில காலம் வேலை செய்து, பிறகு முதுமாணிக்குப் போகட்டும். அதனால் அவள் பின்தங்கிப் போய்விட மாட்டாள்.

கையெழுத்திடுமுன் ஆலோசகரிடம் அவள் ஒன்றைக் கேட்க வேண்டும்: இளமாணிப் பட்டம் நான்காம் ஆண்டு முடிவில் தனியாக வழங்கப்படுமா, அல்லது முதுமாணியுடன் சேர்த்தா? மாணவர் வீசாவில் இருப்பவர் படிப்புக்குப் பின் அங்கே வேலை செய்யக் கிடைக்கும் 12 மாத அனுமதி, ஒவ்வொரு உயர்ந்த பட்ட நிலைக்கும் ஒருமுறை என்ற விதியில் நடக்கிறது. பொறியியல் போன்ற துறைகளுக்கு மேலும் 24 மாதம் நீடிக்க இடமுண்டு. அந்த அனுமதிக்கு விண்ணப்பிக்கும் காலமும் பட்டம் முடியும் நாளோடு தொடுக்கப்பட்டிருப்பதால், ஆலோசகர் தரும் திகதியை எடுத்துக்கொண்டு அன்றே வெளிநாட்டு மாணவர் அலுவலகத்துக்கும் போய் விசாரிக்கச் சொல்லுங்கள்.