யாருக்கு ஓட்டுப் போட்டோம் என்பது வெளியே தெரியுமா?

கேள்வி: வாக்காளர் பட்டியலில் என் பெயர், வயது, வீட்டு எண் எல்லாவற்றையும் யார் வேண்டுமானாலும் பார்க்கலாமாம். ஓட்டு மட்டும் ரகசியமாம். மொத்தத்தையும் மறைத்துவிட்டால் என்ன?

பதில்: மறைத்தால் கள்ள ஓட்டுப் போடுகிறவனுக்குத்தான் நிம்மதி. செத்துப்போனவர் பெயர் பட்டியலில் கிடப்பதும், உயிரோடு இருப்பவர் பெயர் காணாமல்போவதும் அக்கம்பக்கத்தார் கண்ணில் பட்டால்தான் வெளியே வரும். 2025-ல் பீகாரில் வரைவுப் பட்டியலில் விடுபட்ட சுமார் 65 லட்சம் பெயர்களைக் காரணத்தோடு வெளியிடச் சொல்லி உச்ச நீதிமன்றமே உத்தரவு போட வேண்டியிருந்தது.

அதற்காக மொத்தப் பட்டியலையும் ஒரே சொடுக்கில் அள்ளிக்கொண்டு போக விடலாமா என்றால், கூடாதுதான். நம்மூரில் பட்டியலைத் தேட முடியாத படக்கோப்பாகத் தருகிறார்கள். தேடக்கூடிய வடிவில் வேண்டும் என்று போன வழக்கு 2018-ல் தள்ளுபடி ஆனது. எனக்கு இது அரைகுறைத் தீர்வாகவே படுகிறது. படத்திலிருந்து எழுத்தைப் பிரிக்கும் மென்பொருளை வியாபாரி வாங்கிவிடுவார், இரட்டைப் பதிவைத் தேடும் சாதாரண ஆள்தான் கண்ணைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பிரிட்டனில் இரண்டு பட்டியல். விலைக்குக் கிடைக்கும் பட்டியலிலிருந்து நம் பெயரை எடுத்துவிடச் சொல்லலாம். பொதுமக்கள் முழுப் பட்டியலை ஊழியர் மேற்பார்வையில்தான் பார்க்க முடியும், குறிப்பெடுப்பதென்றால் கையால் எழுதிக்கொள்ள வேண்டியதுதான். பழைய பாணிதான், ஆனால் வேலை செய்கிறது!

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன், எனக்கு உண்மையான கவலை அதுதான். ஒரு பூத்தில் பதினைந்தே ஓட்டு, பதினைந்தும் ஒரே சின்னத்துக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். பதினைந்து பேரின் ரகசியமும் போச்சு. வாக்குச்சீட்டுக் காலத்தில் பல பெட்டிச் சீட்டுகளைக் கலந்து எண்ணும் வழக்கம் இருந்தது. இயந்திரம் வந்தபின் எண்ணிக்கை பூத்வாரியாக வெளியாகிறது, எந்தத் தெரு கைவிட்டது என்று ஜெயித்தவருக்குத் துல்லியமாகத் தெரிந்துவிடுகிறது. பல இயந்திர ஓட்டுகளைச் சேர்த்துக் காட்டும் டோட்டலைசரைத் தேர்தல் ஆணையமே கேட்டும் மத்திய அரசு ஒப்புக்கொள்ளவில்லை.

கேள்வி: பூத் கேமரா பதிவைக் கேட்டால் தனியுரிமை என்கிறார்களே?

பதில்: பாதி நியாயம். யார் வந்தார், யார் வரவில்லை என்பது தெரிந்தாலே சில ஊர்களில் வம்புதான், அதனால் இணையத்தில் போட வேண்டாம். ஆனால் 2024 டிசம்பரில் மத்திய அரசு தேர்தல் நடத்தை விதிகளில் 93-ஆம் விதியைத் திருத்தி மின்னணுப் பதிவுகளைப் பொதுப் பார்வையிலிருந்து எடுத்தது, அப்புறம் 2025-ல் வழக்கு இல்லாவிட்டால் 45 நாளில் அழிக்கலாம் என்றது தேர்தல் ஆணையம். தேர்தல் வழக்குப் போடவே 45 நாள்தான் அவகாசம். பதிவைப் பார்க்காமல் எதை வைத்து வழக்குப் போடுவது?

படிவம் 17சி-யை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த பூத்தில் எத்தனை ஓட்டு பதிவானது என்ற கணக்கு அது, வாக்காளர் பெயர் ஒன்றுகூட இருக்காது. வாக்குப்பதிவு முடிந்ததும் ஏஜென்ட்டுகள் கையில் நகல் தருகிறார்கள். அதை இணையத்தில் ஏற்ற 2024-ல் தேர்தல் ஆணையம் அத்தனை தயக்கம் காட்டியதே, அங்கே யாருடைய தனியுரிமை குறுக்கே வந்தது?