த்ரீவீல் ஓட்டிவிட்டு இறங்கி நிமிரும்போது இடுப்பு பிடிக்கிறது, என்ன செய்யலாம்?

ஹட்டனில் நாள் முழுக்க த்ரீவீல் ஓட்டும் உங்கள் அண்ணனுக்கு, இறங்கும்போது தொடை மடிப்பும் கீழ்முதுகும் இழுக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். முதுகுக்குத் தைலம் தேய்ப்பதோடு நிறுத்தாதீர்கள். கீழ்முதுகெலும்பில் தொடங்கி, இடுப்பின் முன்பக்கமாக இறங்கி, தொடை எலும்பில் போய்ச் சேரும் தசை ஒன்று உண்டு, பெயர் சோவாஸ். மணிக்கணக்காக உட்கார்ந்தால் அது சுருங்கிய நிலையிலேயே கிடக்கும். நிமிரும்போது நீள மறுத்து, முதுகெலும்பைப் பிடித்து இழுக்கும். எல்லா இடுப்பு வலிக்கும் இதுவே காரணமில்லை, ஆனால் ஓட்டுநர்களிடம் முதலில் இதைத்தான் பார்ப்பேன்.

நம்ம ஊர்க் குளிரில் எழும்பியவுடன் செய்ய வேண்டாம், கொஞ்சம் நடந்து உடம்பு சூடாகட்டும். சாக்கை மடித்து சீமெந்துத் தரையில் போட்டு, வலது முழங்காலை அதில் ஊன்றி, இடது பாதத்தை முன்னே வைக்கச் சொல்லுங்கள். அடுத்ததுதான் முக்கியம்: வலது பிட்டத்தை இறுக்கி, இடுப்பை உள்ளே மடக்க வேண்டும், அதாவது வால் எலும்பைக் கீழாக முன்னே சுருட்டுவதுபோல. பலர் முதுகை வளைத்து முன்னே பாய்கிறார்கள். அதில் முதுகுதான் நோகும், தசை நீளாது. மடக்கியபடியே மெல்ல முன்னே நகர்ந்தால் வலது தொடை மடிப்பில் இழுவை தெரியும். மூச்சை அடக்காமல் 30 விநாடி, பக்கத்துக்கு 2, 3 தடவை, தினமும்.

காலில் மரப்பு, பலவீனம், சிறுநீர் கட்டுப்பாட்டில் சிக்கல் இருந்தால் பயிற்சியை விட்டு உடனே டிக்கோயா ஆதார வைத்தியசாலைக்குக் கூட்டிப்போங்கள். மற்றபடி ஹயர் இல்லாத நேரம் வண்டிக்குள் சாய்ந்திருக்காமல் இறங்கி நடக்கட்டும்.